டியூபின் மறுமுனை

சேக்காட்டில் லோகநாதன் வீட்டு மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் தேங்கி, கீழே மகள் படுக்கும் கட்டில்மேல் சொட்டும். இரண்டு தடவை ஆள் வைத்துப் பூசியும் ஒழுகல் போகவில்லை. இந்தத் தடவை அவரே கொத்தனார் கரண்டியைக் கையில் எடுத்தார்.

தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடும்படி வாட்டம் சரியாக வர, முதலில் கைப்பிடிச் சுவரைச் சுற்றி மட்டம் குறிக்க வேண்டும். நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள்; இரண்டு முனையிலும் தண்ணீர் ஆடாமல் நிற்கும் உயரம்தான் மட்டம். மனைவி சித்ரா படிக்கட்டு அறைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத பக்கம் நின்றாள்.

"தண்ணி நிக்குதா?"

"நின்னுச்சு நைனா, கோடு போடு."

நைனா போட்டுக் கிண்டல் பண்ணுகிறாள் என்று சிரித்தபடி மூலைக்கு மூலை கோடு போட்டார். அங்கிருந்து வந்த குரல் கரகரத்தது. சிமெண்ட் தூசி என்று நினைத்துக்கொண்டார்.

சித்ரா டீயோடு படியேறி வந்தாள். "கேஸ்காரன் கூப்டான்னு அப்பவே எறங்கிட்டேன். நீ யாராண்ட பேசிகினு கீற?"

எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. அந்தப் பக்கச் சுவரிலும் பென்சில் கோடுகள் இருந்தன. இருவருமாக மறுபடி டியூப் வைத்துப் பார்த்தார்கள். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

"அழிச்சிடலாமா?" என்றாள்.

"இன்னாத்துக்கு? சும்மா சொல்லக்கூடாது, நல்ல கை."

அந்தக் கோடுகளை வைத்தே பூசி முடித்தார்.

ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை, மகள் மத்தியானம்வரை போர்வைக்குள் சுருண்டு தூங்கினாள். ஒரு சொட்டு இல்லை. லோகநாதன் நனைந்தபடி மாடியில் நின்று, தண்ணீரெல்லாம் மூலைக்குழாயில் இறங்குவதைப் பார்த்தார். மனசு நிறைந்துவிட்டது.

"அண்ணாத்தே, ரொம்ப தாங்ஸு," என்றார். "அந்தாண்ட தண்ணி எங்கனா நிக்குதா?"

படிக்கட்டு அறைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"நிக்கல நைனா. போய்ச் சாப்டு."