அவள் எதை விட்டாள்?

அந்த ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள். ஓய்வுபெற்ற நில அளவையாளர். எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். அவர் மனைவி. பேருந்து ஓட்டும் மகன். பள்ளி ஆசிரியையான மருமகள். சர்வேயரின் தங்கை, காதில் விழுந்த எதையும் அரை மணி நேரத்துக்கு மேல் தன்னிடமே வைத்துக்கொள்ள மாட்டாள் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

மேசை நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா. மூடியில் கத்தியால் கீறிய துளை.

ஆளுக்கொரு சுகத்தை ஒரு மாதம் விட்டுவிடுவது, அதில் மிஞ்சுவதை அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குக் கொடுப்பது. இது சர்வேயரின் ஏற்பாடு. எதை விட்டோம் என்று யாரும் வாய் திறக்கக்கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான். சொல்லிக்காட்டிச் செய்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

ஆனால் ஒரே கூரையின் கீழ் எதை எத்தனை நாள் மறைக்க முடியும்?

மகன் சிகரெட்டை விட்டிருந்தான். எல்லோர் மேலும் எரிந்து விழுந்து, நாள் முழுக்கக் கிராம்பு மென்றபோதுதான், அவனுக்கு அந்தப் பழக்கம் இருந்ததே வீட்டுக்குத் தெரிந்தது. மருமகள் வாடகைக் காரை விட்டிருந்தாள். தேய்ந்த செருப்பு காட்டிக்கொடுத்தது. சர்வேயர் சவரக் கடையை விட்டிருந்தார். தாடையில் இரண்டு வெட்டுக்காயம். ரேடியோ தான் விட்டதை முதல் நாளே, அரை மணி நேரத்துக்குள், தானே சொல்லிவிட்டாள்.

மனைவி எதை விட்டாள் என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. விடுவதற்கு அவளிடம் என்ன இருந்தது?

ஆனாலும் ஞாயிறு தவறாமல் அவளும் போட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே தொகை.

"அண்ணி வயித்தக் கட்டுறாங்கண்ணே," என்றாள் ரேடியோ, பக்கத்தில் அண்ணி இருக்கிறாளே என்றுகூடக் குரலைத் தாழ்த்தாமல். "நாலு பேருக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்குவ?"

சர்வேயருக்குச் சுருக்கென்றது. பெண்டாட்டியைப் பட்டினி போட்டுத் தர்மம் செய்தான் என்ற பேச்சு அவர் வாசல்படி ஏறக்கூடாது. மனைவியின் தட்டைப் பார்த்தார்.

மூன்றாவது ரொட்டித் துண்டு. மேலே வெண்ணெய் வேறு.

சாப்பாடு இல்லை. பிறகு எது?

கடந்த மாதத்தை மனதுக்குள் அளந்து பார்த்தார். மாலை ஆறு மணிக்கு அவர் தன் வேலைக்காலத்துக் கதைகளைச் சொல்வதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதும் வழக்கம். முன்பெல்லாம் பத்து தடவை குறுக்கே விழுவாள். "போன தடவ அந்தக் கல்லு வடக்கு மூலையிலன்னு சொன்னீங்க" என்பாள். இந்த மாதம் ஒரு குறுக்கீடுகூட இல்லை. கதை சொல்வதில் தன் கை தேறிவிட்டது என்றே அவர் நினைத்திருந்தார்.

அந்தத் தெம்பில்தான் இரண்டாவது வாரம், முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

கணவனை இழந்த ஒருத்தியின் நிலத்தில் எல்லைக்கல்லை நான்கடி உள்ளே தள்ளி நட்டது. தவறு மறுநாளே தெரிந்தும், திருத்தப் போனால் தலைகுனிய வேண்டுமே என்று அப்படியே விட்டது.

தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். நிமிர்ந்தபோது அவள் புன்னகையோடு தலையாட்டினாள். அவர் கையில் தேநீரைக் கொடுத்தாள்.

முப்பது வருடத்தில் அன்றுதான் அவர் புரளாமல் தூங்கினார்.

அழைப்பு மணி அடித்தது. டப்பாவை வாங்கிப் போக மருத்துவமனையிலிருந்து ஆள் வந்துவிட்டார்.

கதவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவள் மனைவிதான். அவள் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

மணி மறுபடி அடித்தது. மகன் எழுந்து போனான்.

சர்வேயர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஒரு மாதமாக அவள் காதை மறைத்து முடி வாரிக்கொள்வது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. பின்னால் போய் நின்று, அந்த முடியை ஒரு விரலால் ஒதுக்கினார்.

காதுக்குப் பின்னால் இருக்க வேண்டிய சின்னக் கருவி இல்லை. ஐந்து வருடமாக, குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர அவள் கழற்றாத கருவி. அது இல்லாவிட்டால் அவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

அவள் திடுக்கிட்டுத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளை போலச் சிரித்தாள்.

"வாரத்துக்கு ஒரு பேட்டரி," என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக. "வீட்டுக்குள்ள எதுக்குங்க அது? முகத்தப் பாத்தாலே பாதி புரிஞ்சிடுது. மீதிய நீங்க ஏற்கெனவே நூறு தடவ சொல்லியிருப்பீங்க."

மேசையே சிரித்தது. ரேடியோவுக்குப் புரையேறியது.

சர்வேயர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தார். அன்றும் இதே தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு நினைவு வந்தது.

டப்பா போனது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, யாரையும் அனுப்பாமல் தானே நடந்து போய் பேட்டரி வாங்கி வந்தார்.

அதன் பிறகு தெருவில் இரண்டு பேச்சு உலவியது. எங்கிருந்து கிளம்பியது என்று சொல்ல வேண்டியதில்லை.

சர்வேயர் மனைவியைப் பட்டினி போட்டார் என்பது ஒன்று. பொய். மூன்று துண்டு ரொட்டிக்கு நான்கு பேர் சாட்சி.

அன்று மாலை ஆறு மணிக்கு அவர் மனைவியின் எதிரில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார் என்பது இன்னொன்று. அதுவும் பொய். அவர் ஒரு கதையை இரண்டாவது முறை சொன்னார், அவள் தலையாட்டவில்லை. நடந்தது அவ்வளவுதான்.