கூண்டு இருந்த இடம்

"இன்று முதல் உங்களைக் கணவன், மனைவி என்று அறிவிக்கிறேன்" என்று மேயர் பிரெஞ்சில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

மாப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல். அவன் இந்த நாட்டுக்கு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. பிரெஞ்சு சுத்தமாக வராது. அவனுக்காகத்தான் மொழிபெயர்ப்பாளரை வரவழைத்திருந்தார்கள்.

முதல் வரிசையில் பெண்ணின் அம்மா மட்டும் திடுக்கென்று தலையைத் தூக்கினாள்.

நூறு வருஷத்துக்கு மேல் கோர்ட்டாக இருந்த கட்டடம் அது. கோர்ட் ஊருக்கு வெளியே கண்ணாடிக் கட்டடத்துக்குக் குடிபோனதும், நகரசபை இதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நீதிபதி மேடையில் இப்போது மேயர். குற்றவாளிக் கூண்டைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வெல்வெட் நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரில் செதுக்கிய தராசைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. கொடியைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள். அப்படியும் ஒரு தட்டு வெளியே எட்டிப் பார்த்தது.

மொழிபெயர்ப்பாளர் கோர்ட் இருந்த காலத்தில் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றார். இன்றைக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

அந்த வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. நீதிபதி 'நான்' என்றால் இவரும் 'நான்'. திருடன் 'நான்' என்றால் இவரும் 'நான்'. சொந்தமாக ஒரு 'ம்' கூடச் சேர்க்கக் கூடாது. சேர்த்ததும் இல்லை.

ஆள் தனிக்கட்டை. வாரம் முழுக்க அவரோடு தமிழ் பேசுவது அவர் வீட்டுக் கண்ணாடி மட்டும்தான். கல்யாண வீட்டார் எப்படியும் சாப்பிடக் கூப்பிடுவார்கள் என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார். கூப்பிட்டதும் சரி என்று சொல்லிவிடக் கூடாது, ரெண்டாம் தடவை சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

சின்னஞ்சிறுசுகள் படம் எடுக்க வாசல் படிக்கு ஓடின. பெண்ணின் அம்மா நேராக இவரிடம் வந்தாள். இவர் 'பரவாயில்லைங்க, இருக்கட்டும்' என்று சொல்ல வாயைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"பத்து வருசம்னு சொன்னது நீங்கதானே?"

அவருக்கு விளங்கவில்லை.

"என் வீட்டுக்காரருக்கு. இதே இடத்துல. அப்ப உங்களுக்கு முடி இருந்துச்சு. குரல் மட்டும் மாறவே இல்ல."

பத்து வருஷம் என்றால் ஒரு வாய்த்தகராறு, ஒரு தள்ளல், படிக்கட்டில் ஒரு சாவு என்றிருக்கும். அப்படி எத்தனையோ வழக்கு. எவ்வளவு யோசித்தும் அந்த முகம் அவருக்கு வரவில்லை.

"தீர்ப்பு சொன்னது நீதிபதிம்மா. நான் அதைத் தமிழ்ல சொன்னேன், அவ்வளவுதான்."

"அந்தாளு என்னமோ முணுமுணுத்தாரு. தண்டனை விதிக்கிறேன்னு எங்களைப் பார்த்துச் சொன்னது நீங்க." குரலில் கோபமே இல்லை. "நம்ம ஆளாச்சேன்னு என் வீட்டுக்காரரு உங்களைத்தான் கும்பிட்டுக்கிட்டு நின்னாரு. கொஞ்சம் குறைச்சுச் சொல்லியிருக்கலாமே, ஐயா. அஞ்சுன்னு சொல்லியிருந்தா வீட்டுக்கு வந்திருப்பாரு. ஆறாவது வருசம் உள்ளேயே போயிட்டாரு."

சட்டம், கையெழுத்து, முத்திரை, சிறை. எல்லாவற்றுக்கும் அவரிடம் இரண்டு மொழியிலும் வார்த்தை இருந்தது. கொடிக்கு வெளியே தெரிந்த தராசுத் தட்டைப் பார்த்தார்.

மேயர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அந்தம்மா கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று பிரெஞ்சில் கேட்டார்.

"உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்று பிரெஞ்சிலேயே பதில் சொன்னார் மொழிபெயர்ப்பாளர்.

அந்தக் கூடத்தில் அவர் மாற்றிச் சொன்ன முதல் வார்த்தை. மேயருக்குத் துளி சந்தேகம் வரவில்லை. இவ்வளவு லேசா என்று இவர் நினைத்துக்கொண்டார்.

மேயர் பூரித்துப்போய் அந்தம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதெல்லாம் என் கடமைதானே, ரொம்ப சந்தோஷம் என்று பிரெஞ்சில் சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் அந்தம்மா.

மொழிபெயர்ப்பாளர் தரையைப் பார்த்தார்.

"மன்னிச்சிடுங்கன்னு சொல்றாரு."

அந்தம்மா மேயரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சிரிச்சுக்கிட்டேவா?"