மாறிப்போன கிரவுன்

திருடன் சொந்த மச்சான்தான் என்று சக்கரவர்த்திக்கு விடிந்ததுமே தெரிந்துபோயிற்று.

பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, டயரிலும் நடு ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, கையால் சுற்றிச் சுற்றிக் குனிந்து பார்த்தான். சக்கரம் ரெண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் நாலுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். இந்தப் பழைய ஃபோர்வீல் பிக்கப்பை வாங்கின அன்றைக்கே அவன் எண்ணி வைத்த கணக்கு அது. இன்றைக்கு அஞ்சைத் தொட்டது.

முன்சக்கரத்தையும் தூக்கிப் பார்த்தான். அங்கேயும் அஞ்சு.

"அடப்பாவி! ரெண்டு ஆக்சில் கிரவுனையும் இல்ல கழட்டியிருக்கான்!"

ஷாஃப்டிலிருந்து சக்கரத்தைச் சுற்றுகிற பல்சக்கரம்தான் கிரவுன்; அதில் பல்லு கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். முன்னாடியும் பின்னாடியும் அந்தப் பல்லுக் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் ஃபோர்வீல் போட்டதுமே குட்டு உடைந்திருக்கும். அதற்காக ரெண்டையும் சேர்த்தே மாற்றியிருக்கிறான். கெட்டிக்காரத் திருடன்!

போன மாசம் கிளட்ச் போடத்தான் ஒடுகத்தூரில் மச்சான் கோபாலின் ஷெட்டில் வண்டியை விட்டான். அதிலிருந்து மேட்டில் யானை மாதிரி இழுக்கிற வண்டி, சமதரையில் எவ்வளவு மிதித்தாலும் கத்துகிறதே தவிர ஓடமாட்டேன் என்கிறது. புளி மூட்டையோடு மலையிலிருந்து பறந்து இறங்கி மண்டியில் முதல் ஆளாக நின்றவன், இப்போது கடைசி ஆள். "இன்னாபா, மாட்டுவண்டி வந்துச்சா?" என்று கிண்டல் வேறு.

வேகமாக ஓடுகிற அந்தக் கிரவுன் இப்போது தேடினாலும் கிடைக்காது. கண்ணமங்கலத்தில் எவனுக்கோ தள்ளிவிட்டு, ஏதோ பழைய இரும்பை இதில் மாட்டியிருப்பான். நம்பி விட்ட இடத்திலேயா கை வைப்பது?

சாவியை எடுத்தபோது பெண்டாட்டி பச்சையம்மா வந்து நின்றாள். "தம்பி ஷெட்டுக்குத்தான போற? நானும் வர்றேன்."

சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஒடுகத்தூருக்குப் போக எவ்வளவு நேரமானாலும் பஸ்ஸுக்குக் காத்துக் கிடப்பாளே ஒழிய, புருஷன் வண்டியில் கால் வைக்காதவள். 'தம்பிக்கு வக்காலத்து வாங்க வர்றா' என்று பல்லைக் கடித்தபடி வண்டியைக் கிளப்பினான்.

ஷெட்டில் கோபால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான். "வாங்க மாமா. இன்னா, காலையிலேயே?"

"என் கிரவுன எவனுக்குடா வித்த?"

கோபாலின் முகம் செத்துப்போயிற்று. உள்ளே போனவன், ஒரு கோணிமூட்டையை இழுத்துவந்து பிரித்தான். ரெண்டு கிரவுனும் கிரீஸ் பூசி, துணி சுற்றிப் பத்திரமாக இருந்தன.

"விக்கல மாமா."

"ஆளு கெடைச்சிருக்காது, அதான்! சரி, என்னைக் கேக்காம ஏன்டா மாத்துன?"

கோபால் குனிந்து கிரவுன்மேல் துணியைத் திரும்பச் சுற்றினான்.

"வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

"அத மட்டும் கேக்காதீங்க மாமா. இப்பவே பழையபடி மாட்டிக் குடுத்துடறேன்."

"மாட்டாம எங்க போய்டுவ? நல்லாக் கேட்டுக்க. வெள்ளிக்கெழம பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன்னு சொல்லிக்கினு அங்க வந்து நிக்காத. ஒன் மடியில என் பொண்ணு ஒக்கார மாட்டா. வேற எவன் மடியிலயாவது வெச்சிக் குத்திக்கிறேன்!"

கோபாலுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தையைத் தோளிலேயே தூக்கித் திரிந்தவன் அவன். காதுகுத்துக்குத் தோடும் பட்டுப்பாவாடையும் எடுத்து வைத்திருந்தான். அப்போதும் கிரவுனை மாட்டக் குனிந்து ஸ்பேனரைத்தான் எடுத்தான்.

"திருட்டுப் பய! வாயத் தொறக்குதா பாரு!" சக்கரவர்த்தி கையை ஓங்கிவிட்டான்.

பச்சையம்மா வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ உசுரோட வூடு வந்து சேரட்டும்னு நாந்தான்யா மாத்தச் சொன்னேன்!"