சனிக்கிழமைத் தச்சர்

"கடற்கரையில குடிச்சிட்டுக் கிடக்காம, வசந்த விடுமுறையில என் வீட்டை இலவசமாச் செப்பனிட வந்த காலேஜ் பிள்ளைங்க. திட்டாதே, கிளைட்," என்றார் வெல்மா.

"நல்லா செப்பனிட்டாங்க! போன வாரப் பிள்ளைங்க மாட்டின கதவு கழண்டுச்சு. இந்த வாரம் படி ஆடுது. சனிக்கிழமை அதுங்க பஸ் ஏறினதும் நான் சுத்தியலோட ஓடி வரணும். இனிமே என்னைக் கூப்பிடாதே!" என்றார் தச்சர் கிளைட்.

வெல்மா பதறினார். "அடுத்த வாரம் மிச்சிகன் பிள்ளைங்க வர்றாங்களே!"

கிளைட் குனிந்து படியைத் தடவினார்.

"பிள்ளைங்க உறுதியாத்தான் செஞ்சிருக்காங்க. அப்புறமா யாரோ ஸ்க்ரூவைக் கழட்டியிருக்காங்க."

வெல்மாவின் முகம் சிவந்தது.

"சர்ச் முடிஞ்சு காபிக்கு வான்னா வரமாட்டேனா? அதுக்கு வீட்டையே பிரிச்சுப் போடணுமா?"