சீல் மாட்டிய கை

காரின் பின் ஆக்ஸிலுக்கு நானே புது ஆயில் சீல் மாட்டினேன். மூன்றே நாளில் மறுபடி ஆயில் ஒழுகியது.

"திரும்பவும் நீங்களே கழட்டிக்கிட்டு உட்காராதீங்க. பேசாம ஒரு நல்ல கடையில விடுங்க," என்றாள் மனைவி.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தும், தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் ஊரின் மறுகோடியில் இருந்த கடைக்கு ஓட்டிப் போனேன்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆயில் சீலை உள்பக்கம் வெளிப்பக்கமா மாத்தி மாட்டியிருக்கு சார்! இது கடையில பண்ணதா, வீட்ல பண்ணதா?"

"வீட்லதான். வீடியோ பார்த்து நானே..." என்று அசடு வழிந்தேன்.

"அதானே பார்த்தேன். தொழில் தெரிஞ்சவன் எவனாவது இப்படி மாட்டுவானா? இனிமே இதுல கை வைக்காதீங்க."

பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, என் ஒர்க்‌ஷாப்பைத் திறக்க ஓடினேன். ஆக்ஸில் வேலைக்கென்றே அங்கே இரண்டு கார்கள் காத்திருந்தன.