நான்காவது பூசுதல்

"இந்தத் தடவையாவது நிச்சயமா போயிடுவீங்களா? இல்ல, மறுநாளே பூசைக்கு முதல் பெஞ்சுல வந்து உக்காந்துடுவீங்களா?"

வாசல் படி ஏறிவந்த களைப்பில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே கேட்டார் பங்குச் சாமியார்.

கட்டிலில் கழுத்து வரை போர்த்திப் படுத்திருந்த பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நம்ம கையில என்ன இருக்கு சாமி? அவர் கூப்பிட்டா போக வேண்டியதுதான்."

"அவர் எங்கே கூப்பிட்டார்? நீங்கதான் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க."

பெரியவரின் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெழுகுத்திரி ஏற்றும் சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

சாமியார் இந்தப் பங்குக்கு மாற்றலாகி வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் இந்த மனிதருக்கு மூன்று முறை, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதல் கொடுத்தாகிவிட்டது. எண்ணெய் பூசிக்கொண்டு பரலோகம் போக வேண்டிய ஆள், எண்ணெய் விட்ட சைக்கிள் மாதிரி ஒவ்வொரு முறையும் முன்னைவிட நன்றாக ஓடிக்கொண்டிருந்தார்.

"மேலே உங்களுக்குப் பாய் விரிச்சு விரிச்சுச் சுருட்டியே மோட்ச வாசல் காக்குற இராயப்பருக்கு இடுப்பு விட்டுப்போயிருக்கும்" என்றார் சாமியார்.

"வயசானவங்களுக்கு இன்னொரு தடவையும் குடுக்கலாம்னு நீங்கதானே பிரசங்கத்துல சொன்னீங்க?"

"சொன்னது தப்பாப் போச்சு."

பள்ளிக்கூடக் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். எரிச்சல்தான். ஆனால் யாரோ சாகக் கிடக்கிறார் என்று கேட்டால் அவருக்கு உட்கார்ந்திருக்க முடியாது. பழைய பங்கில் ஒருமுறை, கூட்டம் முடியட்டும் என்று பொறுத்திருந்து போனபோது, அந்த அம்மாள் காத்திருந்து காத்திருந்து போய்ச் சேர்ந்திருந்தாள். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"ஷூவைக் கழட்டிட்டு வசதியா உக்காருங்க சாமி. ஒரு மனுஷன் சாகிற இடமும் புனிதமான இடந்தானே?"

"சாகிற ஆளுக்கு வாய் மட்டும் நல்லா இருக்கு" என்று முணுமுணுத்தபடி சாமியார் ஷூவோடு மல்லுக்கட்டினார். கொஞ்ச நாளாகவே மதியத்துக்கு மேல் அது லேசில் கழலுவதில்லை. பெரியவர் சாய்ந்து படுத்தபடி வேடிக்கை பார்த்தார்.

"சரி, சொல்லுங்க. உடம்புக்கு என்ன பண்ணுது?"

"படுத்தா மூச்சு முட்டுது சாமி. உக்காந்துதான் தூங்க வேண்டியிருக்கு."

"இதுக்கா இவ்வளவு அவசரமா ஆள் விட்டீங்க? நானுந்தான் மூணு தலகாணி அடுக்கிச் சாஞ்சுக்கிட்டுத் தூங்குறேன்."

"படி ஏறினா நெஞ்சைப் பிடிக்குது."

"எனக்குப் பிடிக்கலையா? வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல!"

"இன்னைக்குக் காலையில இருந்து இடது கை வேற..."

"தோள்ல இருந்து கீழ இழுக்குது, அதானே? வாயுப் பிடிப்புங்க! எனக்கும் அப்படித்தான் விடியக்காலையில இருந்து இழுத்துக்கிட்டே கிடக்கு. நான் பூசை வைக்கலையா, கூட்டத்துக்குப் போகலையா?"

பெரியவர் முகத்திலிருந்த குறும்பு சட்டென்று மறைந்தது. மகளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

சாமியாருக்குத் திக்கென்றது. இந்த முகத்தை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. ஐயோ, இன்று நிஜமாகவே போய்விடுவார் போலிருக்கிறதே! இவ்வளவு நேரம் கேலி பேசிக்கொண்டிருந்தோமே என்று மனசு குத்தியது.

அவசரமாக ஊதாத் துண்டைத் தோளில் போட்டார். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார். ஜெபத்தின் நடுவில் சாமியாருக்கு மூச்சு நின்று நின்று வந்தது. அழுகை என்றே நினைத்துக்கொண்டார்.

"என்ன சாமி, நிறுத்திட்டீங்க?"

"நீங்க போயிட்டா, என் பிரசங்கம் நீளம்னு வாசல்ல நின்னு சண்டை போட யாரு இருக்கா?"

"கையைக் குடுங்க சாமி. எனக்குப் பயமா இருக்கு."

சாமியார் கையை நீட்டினார். பெரியவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"உங்களுக்குச் சாவு பயம் உண்டா சாமி?"

"உண்டு. பிரசங்கத்துல சொல்றதில்ல. மோட்சத்தைப் பத்தி மணிக்கணக்கா பேசுறேன், ஆனா இன்னைக்கே வான்னு சொன்னா, நாளைக்கு ஒரு கல்யாணப் பூசை இருக்கு ஆண்டவரேன்னுதான் சொல்லுவேன்." சாமியார் சிரிக்கப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் கேட்டு வச்சிருக்கேன். என் நேரம் வர்றப்ப, இந்த மாதிரி யாராவது என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும்."

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் பெரியவர், கண்ணைத் திறக்காமல்.

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தார்கள். சாமியார் எழுந்து அவர்களுக்கு வழிவிடப் பார்த்தார். தலை கிறுகிறுத்தது. மறுபடியும் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"மெதுவாத் தூக்குங்க தம்பி. ரொம்ப முடியாம இருக்கார்."

பெரியவர் போர்வையை உதறிவிட்டு எழுந்து நின்றார். பேன்ட், சட்டை எல்லாம் போட்டு வெளியே கிளம்பத் தயாராக இருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு பங்கு மக்களே கெஞ்சியும் நீங்க அசையலை, சாகக் கிடக்கிறேன்னு சொன்னாத்தானே ஓடி வர்றீங்க" என்றார் அந்த ஓய்வுபெற்ற இதய மருத்துவர், சாமியாரின் நாடியிலிருந்து விரலை எடுக்காமல். "படுங்க சாமி, ஸ்ட்ரெச்சர் உங்களுக்குத்தான்."