இடது ஓரத்துக் குரல்

‘நீக்கு’ என்ற பொத்தானின் மேல் என் விரல் இருந்தது. அறக்கட்டளைத் தலைவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

மணி நாலு ஐம்பத்தொன்று. ஐந்து மணிக்கு வீடியோ தளத்தின் புகார்ப் பிரிவை விடுமுறைக்காக மூடிவிடுவார்கள். அதற்குள் அழுத்தாவிட்டால் கிறிஸ்துமஸ் முழுக்க இது ஓடிக்கொண்டிருக்கும்.

திரையில் நான்கு பிளம்பர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்ட எங்கள் அறக்கட்டளை ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை வெளியிட்டது. நடுவில் பெயர் பெற்ற ஒரு பாடகி, அவரைச் சுற்றி நாற்பது பிள்ளைகள். ‘விண்மீன் ஒன்று வாசல் வந்தது’ என்று தொடங்கும். பிளம்பர்கள் அதை ‘தண்ணி கீழே போக மாட்டேங்குது’ என்று மாற்றியிருந்தார்கள். ஒருவர் கையில் மைக்குக்குப் பதில் அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணம்.

டிசம்பர் வந்தால் இப்படி முந்நூறு வீடியோவாவது வரும். பஸ் டிரைவர்கள் பாடுவார்கள். பல் டாக்டர் பாடுவார். ஒருவர் தன் நாயைப் பாடவைத்திருந்தார்.

எல்லாவற்றையும் கேட்டுச் சலிப்பது என் வேலை. விதி எளிது. சொந்தமாக வாசித்துப் பாடினால் இருக்கட்டும். கேலி செய்தாலும் இருக்கட்டும். எங்கள் பதிவையே அடியில் ஓடவிட்டால் மட்டும் நீக்க வேண்டும்.

பிளம்பர்கள் ஓடவிட்டிருந்தார்கள், பாடகியின் குரலை மட்டும் அழித்துவிட்டு.

அப்படி அழிக்கும் விதம் அழகானது. பாட்டுக்கு இடது, வலது என இரண்டு தடங்கள். பாடகி நடுவில் நின்றதால் இரண்டிலும் ஒரே அளவில் இருக்கிறார். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரண்டுக்கும் பொதுவானது அழிந்துபோகும். பாடகி காணாமல் போவார். அந்தக் காலி இடத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பாடிக்கொள்ளலாம்.

ஆனால் ஓரங்களில் நின்றவர்கள் அழிய மாட்டார்கள். பாடகிக்குப் பின்னால் மறைந்திருந்தவர்கள் வெளியே வந்துவிடுவார்கள்.

மூன்றாவது வரியில் ஒரு பிள்ளை வெளியே வந்திருந்தது. அந்த ஒரே வரிதான். அரைச் சுரம் கீழே, தொண்டை கிழிய, அத்தனை சந்தோஷமாக.

இரண்டே நாளில் லட்சம் பேர் கேட்டுவிட்டார்கள். ‘காக்கா’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது. காக்கா யார் என்று நிருபர்கள் காலையிலிருந்து தலைவரைக் குடைந்துகொண்டிருந்தார்கள். ஏனென்றால், அந்த நாற்பது பேருக்கும் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒரே மூச்சில் பதிவு செய்தோம், ஒரு சுரம்கூடப் பிசகவில்லை என்று வருடா வருடம் பேட்டி கொடுப்பவரும் அவர்தான்.

இந்த இரண்டு நாளும் வீடியோவை நான் வரிசையின் அடியில் தள்ளிவைத்திருந்தேன். ஏன் என்று கேட்டார். வேலை அதிகம் சார் என்றேன்.

“ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் சுதி சேரலை. நீ வாயை மட்டும் அசைம்மா, சத்தமே வரக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மூஞ்சிகூட ஞாபகமில்ல. இப்படிக் கழுத்தறுத்துட்டுப் போயிருக்கு பாரு,” என்றார்.

குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டார். மூலப் பதிவின் ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியாகக் கேட்டால் அது தெரியும். நான் கேட்டிருந்தேன்.

இடது கடைசி என்றேன். அது உண்மை.

அவர் சுவரிலிருந்த படத்திடம் போனார். பதிவு நாளில் மைக்குகளுக்கு இந்தப் பக்கமிருந்து, பிள்ளைகளை நோக்கி எடுத்த படம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படத்தின் வலது ஓரத்தில் விரலை வைத்தார்.

பிள்ளைகளை எதிரே நிறுத்திச் சொல்லிக்கொடுத்தே பழகியவருக்கு இடது என்றால் பிள்ளைகளின் இடது. பதிவில் இடது என்றால் கேட்பவரின் இடது. இரண்டும் நேர் எதிர்.

கேட்காமலே எல்லாவற்றையும் விளக்குவதால் அலுவலகத்தில் எனக்கு ‘விளக்கவுரை’ என்று பட்டப்பெயர். இதை நான் விளக்கவில்லை.

அவர் விரலுக்கடியில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் இருந்தாள். அவளை அவருக்கு நன்றாகத் தெரியும்.

“இவளா? வருஷம் தவறாம எனக்கு வாழ்த்து அட்டை அனுப்புறாளே,” என்றார். குரல் உடைந்திருந்தது.

விரலைப் படத்திலிருந்து எடுக்காமல், மற்றொரு கையால் போனை எடுத்தார். நிருபர்களிடம் இவள் பெயரைச் சொல்லி விஷயத்தை முடித்துவிடுகிறேன், நீ அதை நீக்கிவிடு என்றார்.

படத்தின் மறு ஓரத்தை அவர் பார்க்கவே இல்லை. அங்கே ஒரு பிள்ளையின் முகத்தில் பாதியை மைக் கம்பம் மறைத்திருந்தது.

நாலு ஐம்பத்தெட்டு.

பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டேன்.

தண்ணீர் கீழே போகவில்லை. இரண்டாவது வரியில் ரப்பர் கிண்ணம் வந்தது. போனில் எண்ணைத் தேடிக்கொண்டே அவர், இன்னுமா நீக்கவில்லை என்றார்.

மூன்றாவது வரி வந்தது.

நான் வாயை மட்டும் அசைக்கவில்லை. பாடினேன். அரைச் சுரம் கீழே.

ஸ்பீக்கரிலிருந்த பிள்ளையும் நானும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தோம், ஒரே இடத்தில் பிசகினோம்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போன் காதுக்குப் போகாமல் பாதியில் நின்றது.

பிறகு அவருடைய விரல் மட்டும் நகர ஆரம்பித்தது. இரட்டைச் சடையை விட்டு, ஒவ்வொரு முகமாகத் தாண்டி, இடது ஓரத்துக்கு.

மைக் கம்பத்தின் மேல் அது வந்து நின்றபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.